அழித்தால் திரும்பி வருமா? ஒரு வெப் ப்ராஜெக்டின் ஃபோல்டர்களும் பில்டும்

போன தீபாவளிக்கு முந்தைய மாதம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு நான் செய்து கொடுத்த வெப்சைட்டில் ஃபோன் நம்பரை மாற்றச் சொன்னார் கடைக்காரர். நான் ஊரில் இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் வியாசர்பாடிப் பையனிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் "முடிச்சிட்டேண்ணே" என்றான். சைட்டைத் திறந்து பார்த்தேன், புது நம்பர் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு புடவைப் படத்தை மாற்றுவதற்காக நானே பில்ட் போட்டு, அதாவது எழுதியதை ப்ரவுசர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, ஏற்றினேன். அன்று சாயங்காலமே கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். "இன்னா தம்பி, பழைய நம்பரே திரும்ப வந்துகீது? தீபாவளி ஆர்டரெல்லாம் யாருக்கோ போய்னுகீது."

நடந்தது இதுதான். நாங்கள் கையால் எழுதிய சோர்ஸ் ஃபைலைப் பையன் தேடவே இல்லை. பில்டில் வெளிவரும் டிஸ்ட் ஃபோல்டருக்குள் போய், மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்து, பழைய நம்பரைத் தேடி, அந்த இடத்தில் புது நம்பரை ஒட்டி, ஹோஸ்டிங்கில் ஏற்றிவிட்டான். வேலை நடந்துவிட்டது. அடுத்த பில்டில் அந்த வேலை காற்றில் போய்விட்டது. அவனைத் திட்ட வாயெடுத்தேன். அந்த ஃபோல்டர் என்னவென்று நான் அவனுக்கு ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்து, ப்ராஜெக்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு ஃபோல்டராகக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்டேன். "இதை அழிச்சா திரும்பி வருமா?"

நாங்கள் எழுதுவது ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில். எழுதியதைக் கட்டித் தரும் கருவி வீட். வியூ ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கிய இவான் யூ 2020-ல் வெளியிட்டது. பிரெஞ்சில் 'விரைவாக' என்று பொருள். எழுத்தைப் பார்த்து 'வைட்' என்று பலர் சொல்வார்கள், 'வீட்' என்பதே சரி. வீட் கருவியில் புது ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கினால் கண்ணில் படுபவை கொஞ்சம்தான். எஸ்ஆர்சி என்று எழுதி சோர்ஸ் என்று வாசிக்கும் ஃபோல்டர், பப்ளிக் ஃபோல்டர், வெளியே தனியாக ஒரு இண்டெக்ஸ் எச்டிஎம்எல், பேக்கேஜ் ஜேசன், வீட் கான்ஃபிக், கிட் (மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) எதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் கிட் இக்னோர். இன்ஸ்டால் கமாண்ட் கொடுத்ததும் வெளியார் எழுதிய பேக்கேஜ்கள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் என்ற பெரிய ஃபோல்டரும் பேக்கேஜ் லாக் என்ற நீளமான ஃபைலும் சேரும். பில்ட் போட்டால் டிஸ்ட் வரும்.

சோர்ஸ், பப்ளிக், இண்டெக்ஸ், கான்ஃபிக் எல்லாம் நாம் கையால் எழுதியவை. அழித்தால் போனது போனதுதான். கிட்டில் சேர்த்து வைத்திருந்தால் பிழைப்போம். நோட் மாட்யூல்ஸ் போனால் இன்ஸ்டால் கொடுத்தால் சில நிமிடத்தில் வந்துவிடும். டிஸ்ட் போனால் சில நொடிகளில் வரும். கிட் இக்னோர் ஃபைலைத் திறந்து பார்த்தால் இந்த இரண்டு பெயரும் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும். திரும்பி வரக்கூடியதைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க பெரம்பூர் ஐசிஎஃப் போதும். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த தொழிற்சாலை. ஷெல் பிரிவில் ரயில் பெட்டியின் கூடு உருவாகும். 1962-ல் வந்த ஃபர்னிஷிங் பிரிவில் இருக்கை, விளக்கு, ஃபேன் எல்லாம் ஏறும். கூட்டைப் பற்றவைக்கும்போது தகடு நகராமல் பிடித்துக்கொள்ள ஜிக் என்ற இரும்புச் சட்டம் வேண்டும். ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே போகும் பெட்டியில் ஜிக் இருக்காது, வரைபடமும் இருக்காது. சோர்ஸ்தான் வரைபடம். டிஸ்ட்தான் கேட்டைத் தாண்டும் பெட்டி. ஓடுகிற பெட்டியில் ஏறி ஒரு இருக்கையைக் கழற்றி வேறு போட்டால் அந்த ஒரு பெட்டிதான் மாறும். வரைபடம் பழசாகவே இருந்தால் அடுத்த பெட்டி பழைய இருக்கையோடுதான் வந்து நிற்கும்.

உதாரணத்துக்கு மேலேயே ஒரு படி போகிறது வீட். பில்ட் தொடங்கும்போது டிஸ்டில் இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதும். ஆகவே உள்ளே யார் எதைத் திருத்தி வைத்திருந்தாலும் சுவடே இருக்காது.

நோட் மாட்யூல்ஸ் பற்றிப் பையனுக்கு ஒரு பயம் இருந்தது. ஆயிரக்கணக்கான ஃபைல், ஒரு தடவை அதையும் சேர்த்து ஹோஸ்டிங்கில் ஏற்றப் பார்த்து ராத்திரி முழுக்க விழித்திருந்தானாம். அது ஐசிஎஃப் கிடங்கு மாதிரி. பெட்டிக்குள் போகும் உதிரி பாகமும் அங்கேதான் இருக்கும், பெட்டிக்குள் போகவே போகாத ஜிக்கும் அங்கேதான் இருக்கும். ரியாக்ட் பெட்டிக்குள் போகும் பாகம், வீட் ஜிக். பேக்கேஜ் ஜேசனில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு, டிபெண்டன்சிஸ் என்றும் டெவ் டிபெண்டன்சிஸ் என்றும். ஆனால் ப்ரவுசரில் மட்டும் ஓடுகிற எங்கள் மாதிரி ப்ராஜெக்டில் பில்ட் அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. நம் கோட் எதை இம்போர்ட் செய்கிறதோ, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதோ, அதுதான் உள்ளே போகும். பட்டியலில் தவறான பக்கம் எழுதினாலும் சைட் உடையாது. சர்வரில் நோட் (ப்ரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) ஓடும் ப்ராஜெக்டில் கதை வேறு; அங்கே டெவ் பட்டியலை விட்டுவிட்டு இன்ஸ்டால் செய்வார்கள், தவறாக எழுதியது அப்போது வெளியே வரும்.

லாக் ஃபைலை மட்டும் அழிக்காதே என்றேன். பேக்கேஜ் ஜேசனில் பெரும்பாலும் 'இந்த வெர்ஷன் அல்லது அதற்கு மேல் சின்ன மாற்றம்' என்றுதான் இருக்கும். துல்லியமாக எந்த வெர்ஷன் வந்தது, அது கூட்டி வந்தவை எவை என்பது லாக்கில்தான் இருக்கும். அதை வைத்து அச்சு அசலாக அதே கிடங்கை நிரப்பித் தருவதற்கென்றே, பேக்கேஜ்களை இறக்கித் தரும் என்பிஎம்மில் சிஐ என்று ஒரு கமாண்ட் உண்டு. வெளியார் பாகத்தை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பதை உலகமே ஒருநாள் பார்த்தது: 2016 மார்ச்சில் ஒருவர் தன் பேக்கேஜ்களை என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதில் லெஃப்ட்-பேட் என்ற ஒன்று வெறும் 11 வரி. எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும், அவ்வளவுதான். அது இல்லாமல் ஊரெல்லாம் பில்ட் விழுந்தது. பிறகு என்பிஎம்மே அதைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

சரி, பில்ட் என்று ஒன்று எதற்கு? எழுதியதையே அப்படியே ஏற்றினால் என்ன? ஏற்றினால் ப்ரவுசர் முழிக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் மாதிரி எழுதும் ஜேஎஸ்எக்ஸ் ப்ரவுசருக்குத் தெரியாத பாஷை. ஜாவாஸ்கிரிப்டோடு வகைக் குறிப்புகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்டின் டைப்களும் அப்படியே. பில்ட் இவற்றைச் சாதாரண ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும். இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லில் தொடங்கி, அது கூப்பிடும் ஃபைல், அந்த ஃபைல் கூப்பிடும் ஃபைல் என்று இம்போர்ட்டைப் பிடித்துக்கொண்டே போய், பல நூறு ஃபைலைச் சில ஃபைலாகச் சேர்க்கும். யாரும் கூப்பிடாத ஃபங்ஷனை உதறிவிடும். மரத்தை உலுக்கிக் காய்ந்த இலையை உதிர்ப்பது என்ற பொருளில் இதை ட்ரீ ஷேக்கிங் என்கிறார்கள். கடைசியாக இடைவெளி, கமெண்ட் எல்லாம் போகும், நான் ஆசையாக 'தள்ளுபடி விலை' என்று பெயர் வைத்த வேரியபிள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கும்.

சுருங்காதது ஒன்று உண்டு: மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்து. கடைப் பெயர், விலை, ஃபோன் நம்பர் எல்லாம் திரையில் காட்ட வேண்டியவை, அதனால் அப்படியே இருக்கும். பையனால் அந்தக் குப்பைக்குள் நம்பரைத் தேடிப் பிடிக்க முடிந்தது அதனால்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எழுதும்போது டெவ் கமாண்டில் ஓட்டுகிறோமே, அங்கே டிஸ்ட் எங்கே? இல்லை. டெவ் சர்வர் டிஸ்டை எழுதுவதே கிடையாது. ப்ரவுசர் கேட்கிற ஃபைலைக் கேட்கிறபோது மாற்றிக் கொடுக்கும், அதனால்தான் சட்டென்று தொடங்குகிறது. முகவரியில் 5173 என்று ஒரு போர்ட் வருமே, அது கண்டபடி எடுத்த எண் இல்லை. 5 ரோம எண்ணில் வி, 1 ஐ, 7 பார்க்க டி மாதிரி, 3 திருப்பிப் போட்ட ஈ. சேர்த்தால் 'வீட்' என்பதன் ஆங்கில எழுத்து. பையன் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தது இந்த இடத்தில் மட்டும்தான்.

டெவ்வில் நன்றாக ஓடியது பில்டில் உடைவதும் உண்டு. இரண்டும் வெவ்வேறு பாதை. ஏற்றுவதற்கு முன் ப்ரிவ்யூ கமாண்ட் ஓட்டிப் பார்க்க வேண்டும், அது டிஸ்டையே 4173 போர்ட்டில் காட்டும். டிஸ்டுக்குள் இருக்கும் இண்டெக்ஸை டபுள் கிளிக் செய்து பார்ப்பது உதவாது, வெள்ளைத் திரைதான் வரும். உள்ளே இருக்கும் பாதைகள் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும், டபுள் கிளிக்கில் அது கம்ப்யூட்டரின் டிஸ்க் வேரைக் குறிக்கும். அதோடு மாட்யூல் ஸ்கிரிப்டை வெறும் ஃபைலாகத் திறந்தால் ப்ரவுசர் அனுமதிக்காது. சைட்டை டொமைனின் நேரடி முகவரியில் வைக்காமல் உள்ஃபோல்டர் ஒன்றில் வைத்தாலும் இதே வெள்ளைத் திரை வரும். அதற்கு வீட் கான்ஃபிகில் பேஸ் என்பதை மாற்ற வேண்டும்.

இனி டிஸ்டுக்குள் போவோம். மேலே ஒரு இண்டெக்ஸ் எச்டிஎம்எல், பப்ளிக்கில் வைத்த படங்கள், அசெட்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அசெட்ஸைத் திறந்தால் ஃபைல் பெயர்களின் வாலில் எட்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அர்த்தமில்லாத கலவை. அது ஹாஷ்; ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வருவது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எட்டும் மாறிவிடும், மாறவில்லை என்றால் அதே எட்டு.

இது எதற்கென்று கடைக்காரருக்கே ஒருநாள் விளக்க வேண்டி வந்தது. ஆடித் தள்ளுபடி பேனரை எடுத்துவிட்டு தீபாவளி பேனரைப் போட்டோம். என் ஃபோனில் தீபாவளி, அவர் ஃபோனில் ஆடி. படத்தைப் பப்ளிக் ஃபோல்டரில் வைத்திருந்தேன், பெயர் வெறும் 'பேனர்'. பப்ளிக்கில் வைத்ததை வீட் தொடாது, பெயரும் மாற்றாது, அப்படியே நகல் எடுத்து டிஸ்டில் வைக்கும். அவருடைய ப்ரவுசருக்குப் பெயர்தான் தெரியும். 'பேனர்தானே, என்னிடமே இருக்கிறது' என்று கேஷிலிருந்து, அதாவது தான் சேமித்து வைத்த நகலிலிருந்து, பழையதை எடுத்துக் காட்டிவிட்டது. அதே படத்தை சோர்ஸுக்குள் வைத்து இம்போர்ட் செய்திருந்தால் புதுப் படத்துக்குப் புதுப் பெயர் கிடைத்திருக்கும், ப்ரவுசரும் புதிதாகத்தான் இறக்கியிருக்கும். (இம்போர்ட் செய்யும் படம் 4 கேபிக்கும் குறைவென்றால் தனி ஃபைலாகவே வராது; எழுத்தாக மாறி கோடுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சின்ன ஐகான் காணவில்லை என்று டிஸ்டில் தேட வேண்டாம்.) பப்ளிக் என்பது பெயர் மாறக் கூடாதவைக்கு: ரோபாட்ஸ் ஃபைல், டேபில் தெரியும் குட்டி ஐகான், வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் தெரியும் படம்.

இதிலிருந்து ஹோஸ்டிங் அமைப்பில் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. ஹாஷ் உள்ள ஃபைலை ஒரு வருடத்துக்கு, அதாவது 31536000 நொடிக்கு வைத்துக்கொள் என்று ப்ரவுசரிடம் தைரியமாகச் சொல்லலாம். மாறினால் பெயரே வேறு. ஆனால் இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லுக்கு ஹாஷ் கிடையாது, கடையின் முகவரி தினம் மாற முடியாது அல்லவா. எந்த எட்டெழுத்து ஃபைலை எடுக்க வேண்டும் என்று சொல்வது இண்டெக்ஸ்தான். ஆகவே அதை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்த சைட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்: இண்டெக்ஸ் கேஷில் மாட்டிக்கொண்டு, ஹோஸ்டிங்கில் அழித்தாகிவிட்ட பழைய ஃபைலைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சரியாகச் செய்தாலும் ஒரு ஓட்டை மிச்சம். ஒரு அம்மா காலையில் சைட்டைத் திறந்து வைத்துவிட்டு சமையலுக்குப் போகிறார். இடையில் நாம் புது பில்ட் ஏற்றுகிறோம். மத்தியானம் வந்து 'பட்டு' பக்கத்தைத் தட்டுகிறார். அந்தப் பக்கத்துக்கான கோட் தேவைப்படும்போது மட்டும் இறங்கும்படி பிரித்து வைத்திருந்தால், அவர் டேப் கேட்பது காலை பில்டின் ஃபைலை. அது இப்போது இல்லை. பக்கம் அப்படியே நின்றுவிடும். பழைய அசெட்ஸை உடனே அழிக்காமல் சில நாள் ஹோஸ்டிங்கில் விட்டுவைப்பது இதற்கு நான் கண்ட எளிய மருந்து.

கோட் ஃபைலைத் துண்டுகளாகப் பிரிப்பது ஏன் என்றால், ஒரு துண்டு 500 கேபியைத் தாண்டினால் பில்ட் முடிவில் வீட் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கும். சைட் ஓடும்தான், ஆனால் காசிமேட்டு ஏலக் கூட்டத்தில் இரண்டு கோடு சிக்னலில் ஃபோன் பார்ப்பவர் காத்திருக்க வேண்டும். பில்ட் அறிக்கையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு எண் வரும். இரண்டாவது ஜிசிப் அளவு. சர்வர் அப்படிச் சுருக்கி அனுப்பினால் டேட்டாவில் அவர் செலவழிப்பது அதுதான். முதல் எண் அவர் ஃபோன் விரித்துப் படித்து ஓட்ட வேண்டியது. பழைய ஃபோனுக்கு முதல் எண்தான் பாரம்.

அடுத்த புகார் எல்லோருக்கும் வருவது. மெனுவைத் தட்டினால் 'புடவை' பக்கம் வருகிறது, அங்கேயே ரிஃப்ரெஷ் செய்தால் 'பக்கம் இல்லை' என்ற 404. டிஸ்டைத் திறந்து பாருங்கள், புடவை என்று ஒரு ஃபைல் இருக்கிறதா? இல்லை. இருப்பது ஒரே ஒரு இண்டெக்ஸ். மெனுவைத் தட்டும்போது பக்கத்தை மாற்றிக் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட். ரிஃப்ரெஷ் செய்யும்போது கேள்வி சர்வருக்குப் போகிறது, சர்வர் ஃபைலைத் தேடிப் பார்த்துக் கையை விரிக்கிறது. கேட்ட ஃபைல் இல்லையென்றால் இண்டெக்ஸையே கொடு என்று சர்வரில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட் மாதிரி ஃப்ரேம்வொர்க்கில் விடையே வேறு, ஏனென்றால் பில்டில் வருவதே வேறு ஜாதி. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டு வந்த அத்தோ பாரிமுனைப் பக்கம் சாப்பிட்டிருப்பீர்கள். ஆர்டர் சொன்ன பிறகுதான் நூடுல்ஸ், வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் போட்டுக் கையால் பிசைவார். அவர் இல்லாமல் வண்டியை மட்டும் தள்ளிக்கொண்டு போனால் அத்தோ கிடைக்காது. இட்லிப் பார்சல் அப்படியில்லை, யார் கையிலும் கொடுத்து அனுப்பலாம். வீட் தரும் டிஸ்ட் பார்சல். எந்த மலிவு ஹோஸ்டிங்கிலும் வைக்கலாம். நெக்ஸ்ட் பில்ட் போட்டால் வருவது புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு மறை ஃபோல்டர். அதில் ப்ரவுசருக்கான பகுதி ஒன்று, சர்வரில் ஓட வேண்டிய பகுதி ஒன்று. நோட் என்ற ஆள் வண்டியருகே நின்றாக வேண்டும். அதைச் சாதாரண ஹோஸ்டிங்கில் இழுத்துப் போட்டுவிட்டு 'ஒன்றுமே வரவில்லை' என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. பார்சல்தான் வேண்டும் என்றால் நெக்ஸ்ட் கான்ஃபிகில் அவுட்புட்டை எக்ஸ்போர்ட் என்று மாற்றலாம், அவுட் என்று ஒரு ஃபோல்டர் வரும். ஆர்டருக்குப் பின் பிசைய வேண்டிய வசதிகளை அப்போது விட்டுவிட வேண்டும்.

ஃபோல்டர் பெயர்களை மனப்பாடம் செய்வதில் பலன் இல்லை. பல வருடம் எல்லோரும் பயன்படுத்திய க்ரியேட் ரியாக்ட் ஆப்பில் டிஸ்டுக்கு 'பில்ட்' என்று பெயர்; 2025 பிப்ரவரியில் அதைப் புது ப்ராஜெக்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே சொல்லிவிட்டது. கேட்க வேண்டியது இரண்டே: அழித்தால் திரும்பி வருமா, வருவது பார்சலா வண்டியா.

விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. நம் மொழியில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, நிம்மதி. ஆங்கிலத்தில் 'லோகோ' என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்துப் படத்தைச் சேமித்து, கோடில் சின்னதாக எழுதினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. ஹோஸ்டிங்கில் இருக்கும் லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஃபைல். கடையில் லோகோ தெரியாது, நம் லேப்டாப்பில் தெரியும், யார் சொல்வது உண்மை என்று சண்டை வரும்.

இப்போது அந்த மேற்கோள் குறி விஷயம். அமைப்பு மதிப்புகளை எழுதி வைக்கும் என்வ் ஃபைலில் வைத்தால் ரகசியம் பத்திரம் என்று பையன் நம்பிக்கொண்டிருந்தான், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான். என்வ் கிட்டுக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சரி. ஆனால் 'வீட்' என்று முன்னொட்டு வைத்து நம் கோட் பயன்படுத்தும் ஒவ்வொரு மதிப்பும் பில்டின்போது கோடுக்குள் எழுத்தாகவே பதிந்துவிடும். முன்னொட்டு இல்லாததை வீட் ப்ரவுசர் கோடுக்குக் கொடுக்காது. அந்த முன்னொட்டு வைத்திருப்பதே வெளியே போகச் சம்மதம் என்பதற்கான அடையாளம். எங்கள் ப்ராஜெக்டில் பேமெண்ட்டுக்கான ரகசியச் சாவி அப்படி வைக்கப்பட்டிருந்தது. "டிஸ்ட்ல தேடிப் பாரு" என்றேன். ஃபோன் நம்பரைத் தேடிய அதே மாதிரி தேடினான். அதே மாதிரி கிடைத்தது. டிஸ்டில் இருப்பதை ப்ரவுசர் உள்ள யாரும் படிக்கலாம். அன்று ராத்திரியே சாவியை மாற்றிவிட்டு, பணம் சம்பந்தப்பட்டதைச் சர்வர் பக்கம் தள்ளினோம். டீ ஆறிப் போயிருந்தது.

கடையின் ஃபோன் நம்பர் இப்போது சோர்ஸுக்குள் ஒரே ஒரு ஃபைலில் இருக்கிறது, ஹெட்டர், ஃபூட்டர், வாட்ஸ்அப் பட்டன் மூன்றும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. பையன் ஒவ்வொரு பில்டுக்கு முன்னாலும் டிஸ்டைக் கையால் அழித்துவிட்டுத்தான் கமாண்ட் கொடுக்கிறான். வீட் தானே அழித்துக்கொள்ளும், தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்ணே, வருதான்னு பாக்குறேன்" என்கிறான்.